அவளா, அவரா?

கடந்த மாதம் எங்கள் பெங்களூர் வாசிப்பு வட்டத்தில் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு பற்றி இருபது நிமிடம் தமிழில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழும் கன்னடமும் அறிந்த சிலர் கூடும் சிறு வட்டம் அது. உரையை முன்கூட்டியே எழுதி அனுப்புவது எங்கள் வழக்கம். எழுத அமர்ந்தேன். பிறந்த ஆண்டு, ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் தடையின்றி வந்தன. வினைமுற்று வரவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. எழுதினாளா, எழுதினாரா?

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பதினைந்து வயதுச் சிறுமிக்கும் எண்பது வயது நாவலாசிரியைக்கும் அங்கே ஒரே சொல் போதும். தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றிலும் நாம் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கன்னட நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவருக்கும் 'அவளு', 'அவரு' என்று அதே இக்கட்டுதான். ஆனால் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "சின்னப் பெண்தானே, அவள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்றார். அன்று உடனடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. குறைவது என்ன என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் ஆன் ஃபிராங்கைப் பள்ளியில் சந்தித்தவர்கள். என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் நாட்குறிப்பின் தொடக்கப் பகுதி ஒன்று பாடமாக இருக்கிறது. வகுப்பில் ஓயாமல் பேசியதற்குத் தண்டனையாகக் கட்டுரை எழுதும் வாயாடிச் சிறுமி. எதற்காக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள் என்ற விளக்கம். கிட்டி என்னும் கற்பனைத் தோழி. மாணவர்கள் மனத்தில் பதிவது ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தையின் வெகுளித்தனம். ஆனால் கிட்டியை அறிமுகப்படுத்தும் அந்தப் புகழ்பெற்ற பகுதி, 1942 ஜூன் 20 என்று தேதியிடப்பட்டிருந்தாலும், பதின்மூன்று வயதில் எழுதியது அன்று. 1944இல், மறைவிடத்தில் ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழிந்தபின், வெளியீட்டை மனத்தில் வைத்து எழுதிச் சேர்த்தது. ஒரு நூலாசிரியர் தம் நூலுக்கு எழுதும் முன்னுரையின் வேலையை அது செய்கிறது. நாம் அதை வெகுளியான மழலை என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆன் ஃபிராங்க் 1929 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் குடும்பம் ஆம்ஸ்டர்டாமுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கட்டம் போட்ட அட்டையுடன் ஒரு குறிப்பேடு கிடைத்தது. ஒரு மாதம் ஆகவில்லை. அக்காள் மார்கோவுக்கு உழைப்பு முகாமுக்கு வரச்சொல்லி ஆணை வந்ததும், 1942 ஜூலை 6 அன்று குடும்பம் தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. முகவரி பிரின்சன்கிராக்ட் 263. இன்னொரு குடும்பத்தார் மூவர், பிறகு ஒரு பல்மருத்துவர் என மொத்தம் எட்டுப் பேர். இரண்டு ஆண்டுகளும் சில நாட்களும். கீழே பண்டகசாலையில் ஆட்கள் வேலை செய்யும் பகற்பொழுதில் தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூட முடியாது.

1944 மார்ச் 28 அன்று இரவு லண்டனிலிருந்து ஒலிபரப்பான நெதர்லாந்து நாடுகடந்த அரசின் வானொலியை மறைவிடத்தில் கேட்டார்கள். அமைச்சர் போல்கஸ்டைன், ஆக்கிரமிப்புக் காலத்து நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போர் முடிந்தபின் திரட்ட வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டு மே 20 அன்று ஆன் தம் நாட்குறிப்பைத் தளர்வான தாள்களில் புதிதாக எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய பத்து வாரங்களில் ஐம்பதாயிரம் சொற்கள் அளவுக்கு எழுதியிருக்கிறார். முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலுக்கு ஓராண்டு எடுத்துக்கொண்டிருக்கும் நான் இந்தக் கணக்கை எழுதும்போது தலைகுனிந்தே எழுதுகிறேன்.

வெறும் நகலெடுப்பாக இருந்திருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. முதற்படியில் அவர் ஒரு சிறுமியர் கதைத்தொடரின் பாத்திரங்கள் பலருக்கும் மாறிமாறிக் கடிதம் எழுதியிருந்தார். திருத்தப்படியில் அத்தனை பேரையும் நீக்கிக் கிட்டி ஒருத்தியை மட்டும் நிறுத்தினார். உடனிருந்தவர்களுக்குப் புனைபெயர் சூட்டினார். பல்மருத்துவர் ஃபெஃபரின் புனைபெயர் 'டுசெல்'. ஜெர்மன் மொழியில் மடையன் என்று பொருள்படும். வேண்டாதவற்றை வெட்டினார், காட்சிகளை இணைத்தார். பதினான்கு வயதில் எழுதியதைப் பதினைந்தாவது வயதின் விளிம்பில் நின்று கண்டிப்புடன் செப்பனிட்டார். சங்க அகப்பாடல்களில் தலைவி மனம் திறக்கத் தோழி ஒருத்தி வேண்டும். தோழி இல்லையேல் அந்தப் பேச்சே எழாது. கிட்டியும் அத்தகைய ஓர் இலக்கிய ஏற்பாடுதான்.

தலைப்பையும் அவரே வைத்தார்: 'ஹெட் ஆக்டர்ஹௌஸ்'. 'ஆக்டர்' என்றால் பின், 'ஹௌஸ்' என்றால் வீடு. ஆங்கிலப் பதிப்பு அந்த இடத்தைக் குறிக்கும்போது 'இரகசிய' என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டது. நான் படித்த தமிழ்ப் பதிப்பு ஆங்கிலத்தின் வழி வந்தது என்பதால் 'இரகசிய இணைப்பு' என்று ஏதோ மின்சாரத் துறைக் குற்றம்போல ஒலிக்கிறது. நமக்கு அந்தச் சொல்லைக் கடன்வாங்க வேண்டிய தேவையே இல்லை. முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் பகுத்துப் பேசிய மொழி இது. ஆக்டர்ஹௌஸ் என்பது பின்கட்டு. எழுத்துக்கு எழுத்து பின்கட்டு. தெருவுக்குத் தெரியாத, முற்றத்துக்கு அப்பால் இருக்கும், நம் பாட்டிமார் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அதே இடம். 'இரகசிய' என்ற சொல் சாகசக் கதையின் எதிர்பார்ப்பைத் தூண்டுகிறது. ஆன் வைத்த தலைப்போ சாதாரணமாக இருக்கிறது. அச்சம் அந்தச் சாதாரணத்துக்குள் இருக்கிறது. தம் நூலுக்குத் தாமே பெயரிட்டவரின் தேர்வை மொழிபெயர்ப்பில் தொலைப்பது சிறிய இழப்பு அன்று.

1944 ஆகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். திருத்தம் அதற்குள் 1944 மார்ச் இறுதிக் குறிப்புகள் வரை வந்திருந்தது. தரையில் சிதறிக் கிடந்த தாள்களை, அவர்களுக்கு உணவு கொண்டுவந்து காப்பாற்றிய அலுவலகப் பெண்கள் மீப் கீஸும் பெப் வோஸ்கௌலும் திரட்டினார்கள். மீப் கீஸ் படிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். ஆனும் மார்கோவும் 1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார்கள். ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை அங்கே வந்தது. எட்டுப் பேரில் தந்தை ஓட்டோ ஒருவரே மீண்டார்.

ஓட்டோ இரண்டு படிகளையும் இணைத்து மூன்றாவது படி ஒன்றை உருவாக்கினார். மனைவியைப் பற்றிய கடுஞ்சொற்கள் சிலவும் உடலைப் பற்றிய சில பகுதிகளும் நீங்கின. 1947 ஜூன் 25 அன்று நூல் வெளிவந்தது. மகளை இழந்த தகப்பன்மேல் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர் இல்லையேல் நூலே இல்லை. ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உலகம் நெடுங்காலம் படித்தது ஆன் முடித்த நூலை அன்று. மூன்று படிகளும் அருகருகே அச்சான ஆய்வுப்பதிப்பு 1986இல்தான் வந்தது. முதற்படியின் குறிப்பேடுகளில் 1942 டிசம்பர் முதல் 1943 டிசம்பர் வரையிலானவை தொலைந்தே போயின. அந்த ஓராண்டுக்கு நம்மிடம் இருப்பது திருத்தப்படி மட்டுமே.

மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை உறுத்துவது 1950இல் வந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் அன்னலீஸ ஷுட்ஸ் குடும்பத்துக்கு அறிமுகமான பத்திரிகையாளர். அவரும் யூத அகதியே. மறைவிட வாழ்வுக்கான நகைச்சுவை விதிமுறைகளில், நாகரிக மொழிகள் எவற்றையும் பேசலாம், ஆகவே ஜெர்மன் கூடாது என்னும் பொருளில் ஒரு விதி உண்டு. தாய்மொழி ஜெர்மனாகக் கொண்டவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதில்தான் அதன் கூர்மை. ஜெர்மன் பதிப்பில் அந்த 'ஆகவே' போய்விட்டது. எல்லா நாகரிக மொழிகளையும் பேசலாம், மெதுவாகப் பேசினால் போதும் என்றாகிவிட்டது. ஜெர்மனியில் விற்கவேண்டிய நூலில் ஜெர்மானியரை ஏசுவது சரிவராது என்ற கணக்கைப் பின்னாளில் மொழிபெயர்ப்பாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தாம் பிறந்த மொழியை விட்டு இன்னொரு மொழியில் எழுதத் தேர்ந்தவரின் கோபம், அவர் பிறந்த மொழிக்குத் திரும்பும்போது சுங்கச்சாவடியில் பறிமுதல் ஆகிவிட்டது.

1955இல் அமெரிக்காவில் அரங்கேறிய நாடகம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்களே என்ற பொருளில் ஆன் எழுதிய ஒரு தொடரை எடுத்து முடிவில் வைத்தது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு இன்றும் வருவது அந்தத் தொடர்தான். அதே பத்தியில் அவர் நெருங்கிவரும் அழிவைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன், போருக்குத் தலைவர்கள் மட்டும் காரணமில்லை, சாதாரண மனிதரிடமும் அழிக்கும் வெறி இருக்கிறது என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். அவற்றை யாரும் பூங்கொத்துப் படத்தின்மேல் அச்சிடுவதில்லை. 'அவள்' என்று சொல்லும்போது நமக்குக் கிடைக்கும் வசதி இதுதான் என நினைக்கிறேன். குழந்தையின் சொல்லில் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். குழந்தை நம்மைக் குற்றம் சாட்டாது.

2018இல் நடந்ததைச் சொன்னால் என் தயக்கம் விளங்கும். முதல் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்களை ஆன் பழுப்புத் தாள் ஒட்டி மறைத்திருந்தார். ஆய்வாளர்கள் படமெடுப்பு நுட்பத்தால் அந்தத் தாளுக்கு அடியில் இருந்ததைப் படித்து வெளியிட்டார்கள். சில கொச்சை நகைச்சுவைகள், பாலுறவு பற்றிய ஒரு பதின்வயதுப் பெண்ணின் விளக்கங்கள். அவரும் எல்லோரையும்போல ஒரு சாதாரணப் பெண்தான் என்று உலகச் செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. நானும் ஆவலோடு படித்தேன், மறைக்கவில்லை. ஆனால் ஒளிந்து வாழ நேர்ந்த ஒருவர், தாமாக ஒளித்துவைத்த இரண்டே பக்கங்களைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்டோம்?

இந்தக் கேள்வி தமிழில் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கவிஞர் சிவரமணி 1968இல் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1991 மே 19 அன்று, இருபத்திரண்டாம் வயதில், தம் கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இன்று நம்மிடம் இருப்பவை ஏற்கெனவே அச்சானவையும் நண்பர்கள் கையில் இருந்தவையும் மட்டுமே. அவை 1993இல் தொகுப்பாக வந்தன. அதே ஆண்டு, 1991 ஆகஸ்டில், 'தோழி' என்ற இதழை நடத்திய செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. இராணுவமும் இயக்கங்களும் மாறிமாறி வாசலில் நின்ற ஊரில் ஒரு தாள் வீட்டில் இருப்பதே ஆபத்து. பதுங்குகுழி என்ற சொல்லை ஒரு தலைமுறைக் குழந்தைகளின் அன்றாடச் சொல்லாக்கிய அந்தப் போரிலிருந்து, ஒரு பதின்வயதுப் பெண்ணின் நாட்குறிப்பு நம் கைக்கு வராததற்கு எழுதத் தெரிந்தவர் இல்லாதது காரணமில்லை.

இருவரையும் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஒருவர் நூலாக வரவேண்டும் என்று விரும்பித் திருத்தினார், மற்றவர் அழிக்க விரும்பி எரித்தார். ஒருவரைக் கொன்றது அரசு ஒன்றின் இன அழிப்பு இயந்திரம். மற்றவரின் மரணத்தை ஒற்றை வரியில் விளக்க முயன்றவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். என் கவலை வாசகர்களைப் பற்றியது. சிவரமணி என்றதும் நாம் அவருடைய மரணத்தைப் பேசுகிறோம், வரிகளைப் பேசுவதில்லை. ஆன் ஃபிராங்க் என்றதும் புன்னகைக்கும் ஒளிப்படத்தைப் பேசுகிறோம், வாக்கியங்களைப் பேசுவதில்லை. சிவரமணிக்கு மட்டும் நம்மையறியாமல் 'அவர்' வந்துவிடுகிறது. அவர் எழுதியது கவிதை என்பதில் நமக்கு ஐயமில்லை. நாட்குறிப்பை எழுத்து என்று ஒப்புக்கொள்ளத்தான் நம் வினைமுற்று தயங்குகிறது.

ஆகவே உரையில் ஓர் ஏற்பாடு செய்தேன். 1942 ஜூன் பிறந்தநாள் வரை 'அவள்' என்றும், குறிப்பேடு கைக்கு வந்தபின் 'அவர்' என்றும் எழுதினேன். பேசி முடித்ததும் அந்தக் கன்னட நண்பர் எழுந்து, நடுவில் ஏன் ஆள் மாறிவிட்டது, தட்டச்சுப் பிழையா என்று கேட்டார். வட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். 1944 மே 20 அன்றுதான் மாற்றியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தமக்காக எழுதும்வரை அவள், பிறருக்காகத் திருத்தத் தொடங்கியதும் அவர். இன்னும் அவரை என்னால் மறுக்க முடியவில்லை. உங்களில் யாரேனும் டச்சு மொழியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரும் முயற்சியில் இருந்தால், எந்தப் பக்கத்தில் மாற்றுவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தலைப்பு 'பின்கட்டு' என்றே இருக்கட்டும்.