வக்கீல் வாசலும் வழக்கு வாசலும்

“மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் எவரும் கோர்ட்டுப் படி மிதித்ததில்லை” என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. காயல்பட்டினத்திலும் இதைக் கேட்டிருக்கிறோம், மேலப்பாளையத்திலும் கேட்டிருக்கிறோம், ஆம்பூர்த் தோல் வியாபாரிகளிடமும் மண்ணடிக் கடைக்காரர்களிடமும் கேட்டிருக்கிறோம். சம்பந்தம் பேசப் போகும் இடத்தில் குலப்பெருமைகளுள் ஒன்றாகவே இது எடுத்து வைக்கப்படுகிறது. வழக்காடாமல் வாழ்வது நல்ல வாழ்வுதான். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பெருமைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் பேரேட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. படி மிதிக்காத அந்தக் குடும்பத்தில் பங்கு கிடைக்காமல் போன தங்கையர் எத்தனை பேர்? கொடுத்ததைத் திரும்பக் கேட்க வழியற்று வாயை மூடிக்கொண்டவர் எத்தனை பேர்? இழந்தவர் பேசாமலிருப்பதும், வெளியே நின்று பார்ப்பவர்க்குச் சமாதானமாகத்தான் தெரியும்.

வக்கீலிடம் போவதையும் வழக்குக்குப் போவதையும் நம்மவர்கள் ஒன்றாகவே கருதுகிறார்கள். வைத்தியரிடம் போகிறவரெல்லாம் அறுவைக்குப் போகிறவரா? நாடி பார்த்து, பத்தியம் சொல்லி அனுப்பப்பட்டவரே அதிகம். சட்ட ஆலோசனையும் அத்தகையதே. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, ஒரு தாள் எழுதி வாங்கி வருவதால் எந்தக் குடும்பமும் உடைந்துவிடாது. அதைச் செய்யாமலிருந்து உடைந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் ஒன்றைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டா.

மச்சான்மார் இருவர் 1994இல் சென்னையில் ஒரு பாத்திரக் கடை தொடங்கினார்கள். ஒருவர் அக்காள், தங்கை பலரோடு பிறந்தவர். மற்றவர் அந்தத் தங்கையருள் ஒருத்தியின் கணவர். ஆளுக்குப் பாதி முதல். பங்குப் பத்திரம் எழுதவில்லை. “மச்சானுக்கும் மச்சானுக்கும் நடுவில் முத்திரைத்தாளா?” என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார்களாம். பதினேழு ஆண்டுகள் கடை செழித்தது. 2011ஆம் ஆண்டு தங்கையின் கணவர் மாரடைப்பில் காலமானார். மகன் கல்லூரியில் இறுதியாண்டு, மகளுக்குத் திருமணமாகியிருந்தது. காக்கா கடையை நடத்திக்கொண்டே மாதந்தோறும் தங்கைக்கு ஒரு தொகை கொடுத்து வந்தார். ரசீது இல்லை, கணக்கு இல்லை.

பங்கைப் பிரித்துத் தரவேண்டும் என்று அந்தப் பெண்மணி பெரியவர்களிடம் சொல்லாமலில்லை. முதலில் இத்தா முடியட்டும் என்றார்கள். பிறகு ரமளான் கழியட்டும் என்றார்கள். காக்கா உம்ராவுக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவோம் என்றார்கள். அவர் மகளின் திருமணத்துக்கு முன்பாக இந்தப் பேச்சை எடுப்பது அழகல்ல என்றார்கள். மகன் ஒருமுறை வக்கீல் என்ற சொல்லை உச்சரித்தபோது, “பெற்ற தாய்மாமன் மீதா நோட்டீஸ்?” என்று அத்தனை பேரும் பாய்ந்தார்கள். 2015இல் மாதத் தொகை நின்றுபோன பிறகுதான் தாயும் மகனும் ஒரு வக்கீலின் அறைக்குள் நுழைந்தார்கள். அவர் கேட்ட முதற் கேள்வி, “உங்கள் கணவர் இறந்த தேதி என்ன?” என்பது. தேதியைக் கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் ஏன் பேனாவை வைத்தார் என்பதை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, கூட்டாளி ஒருவர் இறந்தால் அந்தக் கூட்டு வியாபாரம் அன்றே கலைந்துபோகிறது என்கிறது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். கலைந்த கூட்டின் கணக்கையும் இலாபப் பங்கையும் கேட்டு வழக்குத் தொடுக்க, கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம் என்கிறது 1963ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டம். அந்த மூன்று ஆண்டுகளும் இத்தாவிலும் உம்ராவிலும் கல்யாணத்திலும் கரைந்துபோயின. இறந்தவரின் முதலை வைத்தே வியாபாரம் தொடர்ந்து நடந்திருந்தால், அந்த முதலால் விளைந்த இலாபத்திலும் அவருடைய வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. அது வேண்டாமென்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வட்டி கேட்கலாம். இதையும் அதே கூட்டாண்மைச் சட்டம் கொடுத்திருக்கிறது. கூட்டைப் பதிவு செய்யாதவர்கள் உயிரோடிருக்கும்போது ஒருவர் மீது ஒருவர் ஒப்பந்த உரிமைக்காக வழக்காட இயலாது. ஆனால் கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்பதற்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கதவு திறந்தே இருந்தது. மூன்று ஆண்டுகள் திறந்திருந்து பின்னர் தானே மூடிக்கொண்டது.

இதில் நம் நெஞ்சைச் சுடுவது மற்றொன்று. அந்த மூன்று ஆண்டுகளுக்குள், “தங்கைக்குச் சேரவேண்டிய பங்கு என்னிடம் இருக்கிறது” என்று காக்கா ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் போதும். அந்தக் கையெழுத்து நாளிலிருந்து கால அவகாசம் புதிதாகத் தொடங்கியிருக்கும். நோட்டீசும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். பஞ்சாயத்துப் பேசிய பெரியவர்கள் அந்த ஒரு வரியை வாங்கிக் கொடுத்திருக்கலாம். தெரியாததால் வாங்கவில்லை. தெரிந்தவரைக் கேட்கவும் இல்லை. காக்கா கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. தொடக்கத்தில் அவருக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்திருக்கும். எழுத்தில்லாத கடமை ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போகும். எண்ணமும் அதோடு இளைக்கும்.

சபராளிகளின் குடும்பங்களில் நடப்பது இதற்கும் மேலானது. வளைகுடா நாட்டில் வெயிலில் வெந்து தம்பி பணம் அனுப்புகிறார். ஊரில் அண்ணன் தம் பேரில் மனை வாங்கி வீடு கட்டுகிறார். “ஒரே சட்டியில் சோறு உண்பவர்கள், யார் பேரில் இருந்தால் என்ன?” என்பது வாதம். சட்டத்தின் பார்வையில் நிறைய இருக்கிறது. முஸ்லிம் தனியார் சட்டத்தில் கூட்டுக்குடும்பச் சொத்து என்ற அமைப்பே கிடையாது. ஒரே சட்டியில் உண்டாலும் அவரவர் சொத்து அவரவருடையதே. 1988ஆம் ஆண்டு வந்து 2016இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டமோ, பணம் கொடுத்தவர் “உண்மையான உரிமையாளன் நானே” என்று சொல்லிப் பத்திரத்தில் பெயருள்ளவர் மீது வழக்குத் தொடுப்பதையே தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு. தம் கணக்கிலுள்ள வருமானத்தைக் கொண்டு மனைவி மக்கள் பேரில் வாங்கலாம். உடன்பிறந்தார் பேரில் என்றால், பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராக ஏதேனும் ஓர் ஆவணத்தில் இருந்தாக வேண்டும். கிரயப் பத்திரம் எழுதும் அன்று தம்பியின் பெயரை ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும் காரியம், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இரண்டு குடும்பங்கள் ஸலாம் சொல்லிக்கொள்ளாத பகையாக வளர்கிறது.

கடை வியாபாரத்தின் சில்லறைத் தொல்லைகளை விரித்துரைக்க இடமில்லை. வெற்று முத்திரைத்தாளிலும் நிரப்பாத புரோநோட்டிலும் கையெழுத்திட்டுக் கொடுப்பது இன்னும் நின்றபாடில்லை. அப்படிக் கையெழுத்திட்ட புரோநோட்டைப் பெற்றவர் அதை நிரப்பிக்கொள்ள, கையெழுத்திட்டவரே அதிகாரம் கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும் என்பதை எத்தனை பேர் அறிவர்? செக்கு திரும்பி வந்தால் “பழகிய ஆள், பார்த்துக்கொள்ளலாம்” என்று மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறோம். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீசு போகவேண்டும். நோட்டீசு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். இழுப்பறை இந்தக் கணக்கையெல்லாம் அறியாது.

“எழுதி வாங்குவது நம்பிக்கையின்மை” என்று சொல்வோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையோடு எழுதவேண்டும், கடன் பட்டவரே வாசகம் சொல்லவேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பக்கூடாது என்றெல்லாம் அது விரிந்து செல்கிறது. கையோடு கை மாறும் ரொக்க வியாபாரத்தில் எழுதாமலிருப்பது மட்டுமே குற்றமில்லை என்று விடப்பட்டது. இந்த வசனத்தை ஓதிவிட்டு எழுந்து போய், மச்சானுக்கும் மச்சானுக்கும் நடுவில் தாள் எதற்கு என்று கேட்கிறோமே, இதை என்னவென்று சொல்வது?

ஜமாஅத்துப் பஞ்சாயத்தை நாம் பழிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து பேசித் தீர்த்த சச்சரவுகள் ஆயிரம். ஆனால் அவர்கள் வாயால் சொன்ன தீர்ப்பை ஒருவர் மறுநாளே மறுத்துவிட்டால் என்ன செய்வது? 2014இல் உச்சநீதிமன்றம் விச்வலோசன் மதன் வழக்கில், ஃபத்வாவுக்கும் இத்தகைய மன்றங்களின் முடிவுகளுக்கும் சட்ட வலிமை இல்லை, எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்று தெளிவாக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு நம்மவர் பலர் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டவர்கள் ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் வேறொரு வழி தெரிந்திருக்கும். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி, சொத்து, வியாபாரச் சச்சரவு உள்ள இரு தரப்பாரும் “இன்னின்னாரை நடுவராக ஏற்கிறோம்” என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த நடுவர்கள் முறையாக விசாரித்து எழுதிக் கையெழுத்திடும் தீர்ப்பு, நீதிமன்ற டிக்ரியைப் போலவே நிறைவேற்றத்தக்கது. அதே பெரியவர்கள், அதே பாய், அதே தேநீர். முன்னால் ஒரு தாள், பின்னால் ஒரு தாள். இவ்விரண்டும் இருந்தால் பஞ்சாயத்துக்கு முதுகெலும்பு உண்டு. இல்லையென்றால் தவணை கேட்டே காலத்தைப் போக்க விரும்புகிறவனுக்கு அது நல்ல நிழல்.

வக்கீல்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றா சொல்லுகிறோம்? இல்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக் கட்சிக்காரரின் செருப்பைத் தேயவைத்தவர்களை நாமும் அறிவோம். ஆனால் வக்கீலுக்கு அஞ்சி நம்மவர் யாரிடம் போகிறார்கள் என்று பாருங்கள். எப்போதோ ஒரு வழக்கில் ஜெயித்த சின்னாப்பா. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் தரகர். இப்போது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி யாரோ பரப்பும் ‘சட்டத் தகவல்’. இவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பொறுப்பும் இல்லை.

கட்டணம் கொடுக்க வழியில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். 1987இல் இயற்றப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் யாவரும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. பாத்திரக் கடைக்காரரின் விதவை 2011ஆம் ஆண்டே அங்கே போயிருக்கலாம். ஒரு காசு செலவாகியிராது. அவருக்கு அதைச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஆறுதல் சொல்ல மட்டும் நூறு பேர் இருந்தார்கள்.

கம்பனில் தோய்ந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் 1979இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானபோது நாம் பூரித்தோம். ஃபாத்திமா பீவி அம்மையார் 1989இல் உச்சநீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானபோதும் பூரித்தோம். நீதிபதிக்குப் பொன்னாடை போர்த்தக் கூடும் கூட்டம், சட்டத்தைக் கேட்டறிய மட்டும் கூசுவது விந்தையே. இன்று நம் பெண்மக்கள் பலர் சட்டக் கல்லூரிகளில் பயின்று வருகிறார்கள். பட்டத்தைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டி வைக்கிறோம். வீட்டுப் பத்திரத்தை அந்தப் பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொல்லுகிறோமா?

ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு, மதரசா மண்டபத்தில் ஒரு வக்கீலை உட்கார வையுங்கள். பெண்கள் வந்து கேட்பதற்குத் தனியாக ஒரு பெண் வக்கீலை அமர்த்துங்கள். பங்குப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், கடன் சீட்டு, பாகப்பிரிவினை, எது வேண்டுமானாலும் கேட்கட்டும். இதற்கு ஆகும் ஓராண்டுச் செலவு, ஒரு நடுத்தரத் திருமணத்தில் நாம் அச்சடிக்கும் அழைப்பிதழ்ச் செலவைத் தாண்டாது.