‘அண்ணாவா, அக்காவா?’ - இந்தக் கேள்வி இல்லாத ஒரு சாயங்காலம்!

ஒரு நாளில் எத்தனை தடவை உங்களை யாராவது ஆண் அல்லது பெண் என்று பிரித்துக் கூப்பிடுகிறார்கள்? எண்ணிப் பார்த்திருக்கீங்களா? காலையில் கடையில ‘என்ன தம்பி வேணும்?’, பஸ்ஸில் ‘உள்ள தள்ளிப் போம்மா’, மால் வாசல் செக்கிங்கில் ரெண்டு வரிசை, ஆபீஸில் ரெண்டு டாய்லெட், ராத்திரி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ‘பையனுக்கு எப்போ கல்யாணம்?’. நம்மில் பலருக்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது. நான்-பைனரி மனிதர்களுக்கு ஒவ்வொண்ணும் ஒரு சின்ன முள். ஒரு முள் வலிக்காது. தினமும் இருபது குத்தினால்?

ஆண், பெண் என்ற ரெண்டு பெட்டியில் எதிலும் முழுசாக அடங்காதவர்களைத்தான் நான்-பைனரி என்கிறோம். சிலர் தங்களை ரெண்டுமாக உணர்வார்கள், சிலர் ரெண்டுமே இல்லை என்பார்கள், சிலருக்கு அது மாறிக்கொண்டே இருக்கும். யாரைக் காதலிக்கிறோம் என்பது வேறு விஷயம். திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் நமக்குப் பழகிவிட்டன. இவர்களுக்கோ வீட்டில் எல்லாருக்கும் புரிகிற ஒரு சொல்கூட இன்னும் கிடைக்கவில்லை.

2012 முதல் ஜூலை 14 உலக நான்-பைனரி தினம். மார்ச் 8 மகளிர் தினத்துக்கும் நவம்பர் 19 ஆண்கள் தினத்துக்கும் நடுவில் வருவதால் அந்தத் தேதி! அதற்கு முந்தைய மாதமான ஜூனில் சென்னையில் வானவில் பேரணி வரும். 2009-ல் தொடங்கியது. கொடி, பறை, டான்ஸ், கேமரா என ஊரே திரும்பிப் பார்க்கும். ஆனால், பேரணி வருஷத்துக்கு ஒரு நாள். மீதி நாள்களுக்கு?

அதற்குத்தான் இந்தச் சின்னச் சின்ன கூடுகைகள். பூங்கா, நண்பர் வீட்டு மொட்டைமாடி, காபி ஷாப்பின் மாடி என்று எங்கேயாவது பதினைந்து இருபது பேர் சேர்கிறார்கள். நான்-பைனரி மனிதர்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் தோழமைகளும்.

அங்கே என்னதான் நடக்கும்?

சொன்னா ஏமாந்துடுவீங்க. டீ, சமோசா, கேரம், பாட்டு, கொஞ்சம் புலம்பல். உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன அறிமுகம் மட்டும் உண்டு. ‘உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும்? அவன், அவள், அவர், எது சரி?’ அவ்வளவுதான். ‘ஏன்?’ என்று யாரும் கேட்பதில்லை. சான்றிதழில் இருக்கும் பெயர் என்ன, ஆபரேஷன் ஆச்சா, வீட்டுக்குத் தெரியுமா என்று யாரும் துருவுவதில்லை.

விளக்கம் சொல்லாமல் மூணு மணி நேரம் உட்கார முடிவதுதான் அங்கே கிடைக்கும் பெரிய சுகம்.

தமிழில் இடம் இருக்கா?

‘இதெல்லாம் இங்கிலீஷ்காரன் சமாசாரம்’ என்று ஒரு குரல் வரும். சரி, தமிழையே பார்ப்போம். ‘நான் வந்தேன்’, ‘நீ வந்தாய்’ ரெண்டிலும் பால் கிடையாது. ‘அவர் வந்தார்’, ‘அவங்க வந்தாங்க’ என்பதும் யாருக்கும் பொருந்தும். இலக்கணத்தில் பலர்பாலாக இருந்ததை ஒருவருக்கான மரியாதையாக நாம் எப்போதோ எடுத்துக்கொண்டோம். ஆண்-பெண் பிரிவுக்குள் நிற்காதவர்களைச் சொல்லும் பெயர்களைப் பற்றித் தொல்காப்பியமே பேசுகிறது. அவற்றுக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதிகளையே ஏற்கும் என்கிறது. ஆக, இவர்களையும் மனிதர்களுக்கான திணையில்தான் வைத்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் முன்பின் தெரியாதவரைக்கூட உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம். அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி... ஒவ்வொண்ணுக்குள்ளும் ஓர் ஆணோ பெண்ணோ உட்கார்ந்திருக்கிறார். நெருங்கிய நண்பர்னா ‘வாடா’, ‘போடி’. ‘வாங்க, போங்க’ என்றால் அன்பு கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருக்கும். அதனால்தான் இந்தக் கூடுகைகளில் பட்டப்பெயர்களுக்கு அவ்வளவு மவுசு. ஆளுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்துவிட்டால் டாவும் வேண்டாம், டியும் வேண்டாம்!

சட்டம் என்ன தந்திருக்கு?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நபருக்கே உண்டு என்றது. 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் தன் வரையறையில் ‘ஜெண்டர்குயர்’ என்ற சொல்லையும் சேர்த்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் வரிசையாக உத்தரவுகள் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழக போலீஸ் நடத்தை விதிகளில், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அதே வருஷம், இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது.

எல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால், விண்ணப்பங்களில் நிரப்புவதற்கு இருப்பவை பெரும்பாலும் ஆண், பெண், திருநர் என மூணே கட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்ற கட்டத்தில் தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22,364 பேர். அதில் நான்-பைனரி எத்தனை பேர்? அந்த எண்ணில் இருந்து கண்டுபிடிக்கவே முடியாது. கணக்கிலேயே வராதவர்களுக்கு, ‘நம்மள மாதிரி இன்னொருத்தர் இருக்காங்க’ என்று நேரில் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் ஏற்கப்பட்ட ஒன்றே என்றது. அப்படியொரு குடும்பம் எங்கே உருவாகும்? இந்த மாதிரி மொட்டைமாடிகளில்தான்.

தோழமைக்கு என்ன வேலை?

இங்கேதான் சின்ன உறுத்தல். துணை நிற்க வருபவர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்த மாதிரி கேள்விகளை அடுக்கிவிடுவார்கள். சிலர் ஆர்வக்கோளாறில் குரூப் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்கள். வீட்டில் சொல்லாத ஒருத்தருக்கு அந்த ஒரு போட்டோ போதும். மறுநாளே படிப்பு நிற்கலாம், வீட்டுக்கதவு சாத்தப்படலாம், அவசர அவசரமாக வரன் பார்க்கப்படலாம். அதனால் கேட்காமல் போட்டோ கிடையாது என்பது முதல் விதியாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. காபி ஷாப்பில் ஒரு காபியே இருநூறு ரூபாய், பேச்சில் பாதி ஆங்கிலம், முடியும்போது மணி ஒன்பது. செங்கல்பட்டு தாண்டி ஊருக்குப் போக வேண்டியவர் எப்படி வருவார்? காசும் இங்கிலீஷும் உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு என்றால், அதுவும் இன்னொரு பெட்டிதான். கட்டணமில்லாத பூங்கா, தமிழ்ப் பேச்சு, இருட்டுவதற்குள் முடியும் நேரம்... இவை சின்ன மாற்றங்கள். ஆனால், யார் வர முடியும் என்பதை இவைதான் தீர்மானிக்கும்.

தோழமையின் நிஜமான வேலை கூடுகை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வாடகைக்கு வீடு தேடும்போது கூடப் போவது, கல்யாண வீட்டில் யாராவது ‘இது பையனா பொண்ணா?’ என்று சிரித்தால் ‘எங்க ஃப்ரெண்டு’ என்று பேச்சை முடிப்பது, அவர் பக்கத்தில் இல்லாதபோதும் ‘அவங்க’ என்றே சொல்வது.

அடுத்த முறை புதுசா ஒருத்தரைப் பார்க்கும்போது, அண்ணாவா அக்காவான்னு மனசுக்குள்ள கணக்குப் போடுறதுக்கு முன்னாடி இப்படிக் கேட்டுப் பாருங்க... ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’

காசு செலவே இல்ல. அவங்களுக்கு அன்னைக்கு ஒரு முள் குறையும்!