நாற்பது நாளும் வர்ஸ் பூச்சும்: பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மங்கு



நிஃபாஸ் எனும் பிரசவ உதிரப்போக்கின் கால அளவைப் பற்றிப் பேசும்போது நம் ஆலிம்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஹதீஸ் ஒன்று உண்டு. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிப்பது. அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பிரசவித்த பெண்கள் 40 நாட்கள் அமர்ந்திருப்பார்கள் என்பது அதன் முற்பகுதி. அங்கிருந்து பேச்சு, ஹனஃபி மத்ஹபில் உச்ச அளவு 40 நாட்கள், ஷாஃபி மத்ஹபில் 60 நாட்கள் என்று சட்டத்துக்குள் சென்றுவிடும். மதுரையைப் போல ஹனஃபிகள் மிகுந்த ஊருக்குக் கடற்கரை ஊர்களிலிருந்து மருமகளாக வந்த ஷாஃபிப் பெண்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு நடைமுறைச் சிக்கல் என்பது தெரியும். ஆதலால் அந்த விவாதம் வேண்டாததன்று.

ஆனால் அதே அறிவிப்புக்கு ஒரு பிற்பகுதியும் இருக்கிறது. 'கலஃப்' வந்த காரணத்தால் நாங்கள் முகத்தில் 'வர்ஸ்' பூசிக்கொள்வோம் என்ற பொருளில் அன்னை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கலஃப் என்பது கன்னத்திலும் நெற்றியிலும் படியும் கருந்திட்டு. நம் வீடுகளில் அதற்குப் பெயர் மங்கு. வர்ஸ் என்பது யமன் நாட்டில் விளைந்த, மஞ்சள் சாயம் தரும் ஒரு செடி. உம்ராவுக்குச் சென்றவர்கள் இப்பெயரை வேறொரு இடத்தில் கேட்டிருப்பார்கள்: இஹ்ராமில் அணியக்கூடாத ஆடைகளைப் பற்றிய ஹதீஸில், குங்குமப்பூவோடு சேர்த்துச் சொல்லப்படும் சாயம் இதுவே.

இந்த அறிவிப்பின் தொடரில் வரும் முஸ்ஸா அல்அஸ்திய்யா என்ற பெண்மணியைக் குறித்து ஹதீஸ் கலையில் பேச்சு உண்டு. ஆயினும் இமாம் நவவி போன்றோர் இதை ஏற்கத்தக்கதாகவே கருதியுள்ளனர். வர்ஸைத் தேடி வாங்கிப் பூசுங்கள் என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் முகத்தில் மங்கு விழுவதும், அதற்கு அவள் ஒரு மருந்து பூசிக்கொள்வதும் மறைத்துப் பேசவேண்டிய செய்திகளாக அந்தச் சமூகத்தில் இருக்கவில்லை. பிரசவித்தவளின் உடல்நிலையைப் பற்றிய ஒரே வாக்கியத்தில் தொழுகையும் இருக்கிறது, முகப்பூச்சும் இருக்கிறது. நாம் நாற்பது என்ற எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவு என்ன? இன்று மங்கு விழுந்த ஒரு தாய் இரண்டு பேச்சுகளுக்கு நடுவே நிற்கிறாள். ஒருபுறம் வலீமா விருந்துகளிலும் பெயர் சூட்டும் வீடுகளிலும், "பிள்ளை பெத்ததும் முகம் இப்படிக் கறுத்துப் போச்சே" என்று நேருக்கு நேர் சொல்லும் உறவினர்கள். மறுபுறம், அதற்கு மருந்து தேடினால், "அல்லாஹ் கொடுத்த முகத்தை மாற்றலாமா, பிள்ளை வந்த பிறகும் என்ன அலங்காரம்" என்று கேட்பவர்கள். பல வீடுகளில் இவ்விரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். வைத்தியத்துக்கு வெளிப்படையாகப் போக முடியாதவள் கையில் கிடைத்ததைப் பூசுகிறாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மார்க்கக் கேள்வியை முடித்துவிடுவோம். அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் ஹதீஸ் ஆதாரமானதே. ஆனால் நோயினாலோ விபத்தினாலோ வந்த குறையை நீக்குவது அதில் சேராது என்பது அறிஞர்களின் விளக்கம். அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்; அதில் துர்நாற்றம் வீசியபோது தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் கிடைத்த அனுமதி அது. கர்ப்பத்தால் வந்த திட்டு நீங்கப் பழைய நிறத்துக்குத் திரும்ப விரும்புவதும் இவ்வகையில் சேர்வதே. பிறவியில் மாநிறமானவளை வெளுக்க வைப்பது வேறு விஷயம். நிறங்களின் வேறுபாட்டைத் தன் சான்றுகளில் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தில் குறிப்பிடுகிறான்; அந்தச் சான்றை அழிக்க விற்கப்படும் க்ரீமுக்கு உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸில் ஆதாரம் தேடக்கூடாது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஒரு 'சிவப்பழகு' க்ரீம் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்க 2020 வரை ஆயிற்று. அந்த 45 ஆண்டுகளில் நம் பெண் பார்க்கும் படலங்கள் மாத்திரம் என்ன வாழ்ந்தன?

மங்கு ஏன் வருகிறது? கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் உயர்கின்றன. தோலில் கருநிறமியான மெலனினை உண்டாக்கும் செல்கள் அதனால் தூண்டப்படுகின்றன. அதன்மேல் வெயில் படும்போது திட்டு ஆழப்படுகிறது. அடிவயிற்றில் கறுப்புக் கோடு தோன்றுவதும் இதே காரணத்தால்தான். பரம்பரைக்கும் பங்குண்டு, தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடும். இதில் கண்ணேறுக்கு வேலையில்லை, தாயத்துக்கும் வேலையில்லை. பலருக்குப் பிரசவமான சில மாதங்களில், அல்லது ஓராண்டுக்குள், தானாகவே மங்கிவிடும். சிலருக்கு நிலைத்துவிடும். கருத்தடை மாத்திரையும் இதைத் தூண்டலாம். அரசு சுகாதார நிலையங்களில் தரப்படும் மாலா-என் போன்றவற்றிலும் இந்த ஹார்மோன்களே உள்ளன. ஆகவே பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விட மாத்திரை எடுப்பவர்கள், மங்கு குறையவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

"நாங்கள் பர்தாவில்தானே போகிறோம், வெயில் எப்படிப் படும்?" என்ற கேள்வி எழும். முகத்தைத் திறந்து பர்தா அணிவோருக்கு நெற்றியும் கன்னமும் மூக்கும் மேலுதடும் வெளியே இருக்கின்றன. மங்கு விழும் இடங்களும் இவையே. முகம் மூடுவோரும் வீட்டுக்குள் எப்போதும் நிழலில் இருப்பதில்லை. காஜிமார் தெருவிலோ நெல்பேட்டையிலோ மகபூப்பாளையத்திலோ வீடுகள் நெருக்கமானவை. குழந்தைத் துணி காயப்போட, மிளகாய் வற்றலும் வடகமும் திருப்பிப்போட மொட்டை மாடிக்குத்தான் ஏறவேண்டும். சித்திரை வெயிலில் பத்து மணி மாடி எப்படி இருக்கும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து வயல்வெளிப் பெண்களின் நிலை இன்னும் கடினம். கண்ணாடி ஜன்னல் வழியாகவும் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி உள்ளே வரும். அடுப்பின் வெப்பமும் மங்கைக் கூட்டும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

இனி, கையில் கிடைப்பவை. ஜாதிக்காயைப் பாலில் உரைத்துத் தடவுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். மெதுவாகத் தடவினால் பெரிய தீங்கில்லை என்றாலும், கரகரவென்று தேய்த்தால் தோல் எரிச்சலுற்று மேலும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து புதிய கறை விழும். இவை சிறிய கேடுகள்.

பெரிய கேடு மருந்துக்கடையில் இருக்கிறது. "மங்குக்கு ஒரு க்ரீம் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப். இம்மூன்றையும் கலக்கும் முறையை அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் தம் சகாவுடன் 1975-இல் வெளியிட்டார். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் என்றால் அது நல்ல மருந்தே. இங்கே நடப்பது வேறு. இரண்டு வாரத்தில் முகம் தெளிகிறது; மகிழ்ச்சியில் அடுத்த ட்யூப், அதற்கடுத்த ட்யூப், பிறகு அக்காவுக்கும் நாத்தனாருக்கும் ஒன்று. மாதங்கள் கடந்தபின் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, முடி முளைக்கிறது. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் தாங்க முடிவதில்லை. எனவே மீண்டும் பூசுகிறார்கள். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பாக, மங்கைவிடக் கொடிய கறை படிவதும் உண்டு. 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் விதி செய்தது. ஆனால் சீட்டைக் கேட்காத கடைக்காரரும், காட்ட விரும்பாத வாடிக்கையாளரும் இருக்கும்வரை விதி தாளில்தான் இருக்கும். பாலூட்டும் தாய் ஹைட்ரோகுவினோன் பூசக்கூடாது என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தோல் வழியே அது கணிசமாக உடலுக்குள் செல்கிறது.

அதைவிடக் கொடியது, வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிக்குள் இருப்பது. பொருட்களின் பட்டியலோ தயாரித்தவர் முகவரியோ இல்லாத டப்பா; "ஒரு வாரத்தில் வெளுக்கும்" என்ற வாய்மொழி உத்தரவாதம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கு மெம்பிரனஸ் நெஃப்ரோபதி என்னும் சிறுநீரக நோய் 22 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது 'நெல்-1' என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசி வந்ததாக ஒப்புக்கொண்டனர். காரணம் பாதரசம். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். கோட்டக்கல் நமக்குத் தொலைவான ஊரன்று. அங்கும் இங்கும் பெட்டி வருவது ஒரே விமான நிலையங்களிலிருந்துதான்.

பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால்தான் முகம் வெளுக்கிறது. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. தாய்ப்பாலிலும் செல்கிறது. பூசிய கையால் குழந்தையைத் தூக்கினாலும், பூசிய கன்னத்தோடு அணைத்தாலும், தலையணை உறையிலிருந்தும் குழந்தைக்குப் போகும். 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை 2020-க்குப் பின் தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று விதித்தது. டப்பாவில் கலோமெல், மெர்க்குரி, மெர்க்குரியோ போன்ற சொற்கள் இருந்தால் தொடவேண்டாம். பட்டியலே இல்லையென்றால் அதுவே போதுமான எச்சரிக்கை.

சரியான வைத்தியம் மெதுவானது. முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான்: எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாதது, முடிந்தால் இரும்பு ஆக்சைடு கலந்த நிறப்பூச்சு வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுகிறது, அதையும் இவ்வகை தடுக்கும். இது இல்லாமல் எந்த மருந்து போட்டாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். பாலூட்டும் காலத்தில் அசிலாயிக் அமிலம் போன்ற பாதுகாப்பான பூச்சுகளை மருத்துவர் எழுதித் தருவார். டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை மங்குக்கு நல்லது என்று கேட்டுத் தாமாக வாங்கி விழுங்குவோர் உண்டு. அது இரத்தம் உறைய உதவும் மருந்து. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல் என்பதால் இந்த விளையாட்டு உயிருக்கு ஆபத்து. அழகு நிலையத்து லேசரும் அமிலப் பூச்சும் நம் நிறத் தோலில் கறையைக் கூட்டிவிடக்கூடும். தோல் மருத்துவரிடம் அன்றி வேண்டாம்.

உளூவைப் பற்றிக் கேட்பார்கள். தோலில் ஊறிவிட்ட க்ரீமின் பிசுபிசுப்பு தண்ணீரைத் தடுக்காது. தண்ணீர் தோலைச் சேராதபடி தனிப் படலமாக நிற்கும் பூச்சு என்றால் சோப்பால் கழுவிவிட்டு உளூ செய்யவேண்டும். சன்ஸ்கிரீனை இரண்டு மூன்று மணிக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்கிறார்கள் அல்லவா? காலையில் ஒரு முறை, வெளியே போகுமுன் ஒரு முறை, லுஹருக்கு முகம் கழுவி உளூ செய்து தொழுதபின் ஒரு முறை, வெயில் இருந்தால் அஸருக்குப் பின் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மறதியும் வராது. தோலில் பூசுவதால் நோன்பு முறியாது. ரமளானில் நிறுத்தவேண்டிய அவசியமில்லை.

செலவுதான் தடை என்றால், கோரிப்பாளையம் தர்காவிலிருந்து நடக்கும் தொலைவில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. வெளிநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள், வரிசையும் நீளும். கைக்குழந்தையோடு அந்த வரிசையில் நிற்பது ஒரு தாய்க்கு இயலாத காரியம். அன்றைக்குப் பிள்ளையை மாமியார் வைத்துக்கொள்வதா, கணவர் அரை நாள் விடுப்பு எடுப்பதா என்பதை முந்திய இரவே வீட்டில் பேசி முடிவு செய்துவிட வேண்டும். இப்போது பூசிக்கொண்டிருக்கும் ட்யூபையும் டப்பாவையும் மறக்காமல் பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.