குதிரைகளை எண்ணிக் கார் வாங்குவோர்

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டும் இன்பம் அதன் குதிரைவலுவோடு சேர்ந்து வளர்கிறது என்பது மோட்டார் சஞ்சிகைகள் பல தசாப்தங்களாக வளர்த்துவரும் மூடநம்பிக்கை. புதிய மொடல் ஒன்று வந்தால் முதற் கேள்வி 'எத்தனை குதிரை?' என்பதே. முன்னையதிலும் இருபது கூடியிருந்தால் முன்னேற்றம், கூடாவிட்டால் ஏமாற்றம். நான் இதை ஏற்கவில்லை. ஓர் எல்லைக்கு மேல் சேரும் ஒவ்வொரு குதிரையும் ஓட்டுபவரின் வேலையைப் பறிக்கிறது. வேலை போனபின் அவருக்கு அங்கே என்ன இன்பம்?

இந்த அளவுகோலின் பிறப்பையே பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரங்களை விற்பதற்காக, அவை எத்தனை ஆலைக் குதிரைகளுக்கு ஈடானவை என்று கணக்கிட்டுக் காட்டினார். விற்பனைக்காகப் பிறந்த எண் இன்றும் விற்பனைக்கே உழைக்கிறது. பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற வகையில் அதன் கவர்ச்சி எனக்கு விளங்குகிறது. '1,001 குதிரைவலு' என்றால் அது ஒரு தலைப்பு; 2005 இல் புகாட்டி வேய்ரோன் வந்தபோது உலகமெங்கும் அப்படித்தான் தலைப்பிட்டார்கள். 'வளைவில் ஸ்டியரிங் கையோடு பேசுகிறது' என்பதை எந்தத் துணை ஆசிரியர் தலைப்பாக்குவார்?

இனிக் கணக்குக்கு வருவோம். 1989 இல் வெளியான முதலாவது மஸ்டா எம்எக்ஸ்-5 இல் இருந்தது 1.6 லீற்றர் இயந்திரம். சுமார் 115 குதிரைவலு. எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. அது நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஏறத்தாழ ஒன்பது வினாடிகள் வேண்டும். அந்த ஒன்பது வினாடியும் ஆர்முடுக்கி அடிவரை அழுந்தியிருக்கும்; இரு முறை கியர் மாறும்; இயந்திரம் தன் முழுக்குரலில் பாடும். குரோஷியாவின் ரிமாக் நெவேராவுக்கு 1,914 குதிரைவலு. இரண்டு வினாடிக்குள் நூறு. அதன்பின் எங்கள் தெற்கு அதிவேகப் பாதையில்கூட நீங்கள் குற்றவாளி. அதாவது நெவேராவின் முழுப் பலத்தையும் சட்டப்படி அனுபவிக்கக்கூடிய நேரம் ஒரு தும்மலின் அளவு.

சில ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து சென்றிருந்தபோது, மைத்துனர் வைத்திருந்த பழைய எம்எக்ஸ்-5 ஐ வேல்ஸ் மலைப்பாதைகளில் இரண்டு நாட்கள் ஓட்டினேன். மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்திலேயே அந்தச் சிறிய கார் தனது ஒல்லியான ரயர்களின் பிடி எங்கே தளர்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லியது. அதே பயணத்தில் நண்பரொருவரின் 500 குதிரைவலு ஜேர்மன் காரையும் ஓட்டினேன். அது எழுபதில் உறங்கியது, நூறிலும் உறங்கியது. அதை எழுப்பவேண்டுமாயின் உயிரையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்தே பணயம் வைக்கவேண்டும்.

'பலம் இருந்தால் என்ன, கால் உங்களுடையதுதானே. தேவையானபோது மட்டும் அழுத்துங்கள்' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குதிரைகள் லாயத்தில் உறங்கினாலும் அவற்றைச் சுமந்தே ஆகவேண்டும். பலம் கூடினால் கியர்ப்பெட்டி பெரிதாகும். பிரேக், ரயர், குளிரூட்டும் தொகுதி எல்லாம் பெரிதாகும். அவற்றைத் தாங்க உடலும் தடிக்கும். 1984 இல் வந்த முதலாவது பிஎம்டபிள்யூ எம்5 இற்கு 286 குதிரைவலு, எடை சுமார் 1,400 கிலோ. 2024 இல் வந்ததற்கு 727 குதிரைவலு. எடையோ 2,400 கிலோவுக்கும் மேல். அது குடும்பக் கார், ஸ்போர்ட்ஸ் கார் அல்ல என்று வாதிடலாம். நோய் ஒன்றுதான். பலத்தை நீங்கள் பயன்படுத்துவது பயணத்தில் சில வினாடிகள்; அந்த ஆயிரம் கிலோவை ஒவ்வொரு வளைவிலும் திருப்புகிறீர்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி ரொயோட்டா 86. 2012 இல் 200 குதிரைவலுவோடு வந்தபோது 'போதாது' என்றார்கள். 2021 இல் 2.4 லீற்றர் இயந்திரத்துடன் 235 ஆனது. கார் மேலும் நன்றாயிற்று. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எது திருந்தியது? பழைய இயந்திரத்தில் 4,000 சுழற்சிக்கு அண்மையில் இழுவை சோர்ந்து விழும் பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளம் நிரவப்பட்டது. எடை ஏறவிடாமலும் பார்த்துக்கொண்டார்கள். உச்சியிலிருந்த எண் அல்ல, நடுவிலிருந்த குறையே அங்கு பிரச்சினை. இதை வைத்துக்கொண்டு எழுநூறு குதிரைக்கு வக்காலத்து வாங்குவது எப்படி?

மெர்சிடிஸ் நிறுவனத்தின் அனுபவத்தையும் சேர்த்துப் பாருங்கள். சி63 இன் 510 குதிரைவலு வி8 இயந்திரத்தை நீக்கி, 2022 இல் நான்கு சிலிண்டர் இயந்திரத்தோடு மின்மோட்டாரைப் பொருத்தி 680 ஆக்கினார்கள். 170 குதிரைகள் அதிகம்! பழைய ரசிகர்களோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போர்ஷ கதை வேறு விதம். 2013 இல் 911 ஜிடி3 ஐத் தானியங்கிக் கியரோடு மட்டுமே கொடுத்தார்கள், வேகம் அதிகம் என்பதற்காக. 2016 இல் கையால் மாற்றும் கியரோடு 911ஆர் வந்தது. அதே 500 குதிரைவலு கொண்ட, தானியங்கிக் கியருடைய ஜிடி3 ஆர்எஸ் ஐ விட நூறைத் தொடுவதில் அது மந்தம். ஆயினும் மறுவிற்பனையில் அதன் விலை பன்மடங்காக ஏறியது. அடுத்த ஆண்டே ஜிடி3 இற்கும் கைக்கியர் திரும்பி வந்தது.

இந்த எண் மோகத்தின் விலையைச் சிறிய கார்கள் செலுத்துகின்றன. 1996 இல் பிறந்த லோட்டஸ் எலீஸ் 118 குதிரைவலுவையும் ஏறத்தாழ 725 கிலோ எடையையும் கொண்டு, தன் நாலு மடங்கு விலையுள்ள கார்களை வளைவுகளில் வெட்கப்படவைத்தது. 2021 இல் அதன் உற்பத்தி நின்றது. அந்த எடையில் இன்று ஒரு பெரிய நிறுவனமும் ஸ்போர்ட்ஸ் கார் செய்வதில்லை.

மின்கார்கள் வந்தபின் குதிரைவலு மலிந்துவிட்டது. பெரிய மோட்டாரைப் பொருத்தினால் யாரும் அறுநூறைத் தொடலாம். 2023 இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என் அப்படியொன்று: 609, பொத்தானை அழுத்தினால் பத்து வினாடிக்கு 650. அதைச் செய்த பொறியியலாளர்கள் அத்தோடு திருப்தியடையவில்லை. இல்லாத எட்டுக் கியர்களை மென்பொருளால் உண்டாக்கி, மாறும்போது காரைக் குலுக்கி, ஒலிபெருக்கியில் இயந்திர ஓசையையும் எழுப்பினார்கள். அந்த வசதியை இயக்கினால் கார் சற்று மெதுவாகிறது. ஓட்டிப்பார்த்த செய்தியாளர்கள் பலர் அதை இயக்கியே ஓட்டினார்கள். அதையே புகழ்ந்தும் எழுதினார்கள்.