செக்கு மாடாகும் கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிடுகிறது. மவுசை ஆட்டினால் அம்பு நகரவில்லை. பொத்தானைத் தட்டினால் எழுத்து விழவில்லை. உடனே வீட்டில் என்ன நடக்கிறது?

"கடைசியாக இதைத் தொட்டது யார்?" என்று விசாரணை தொடங்குகிறது. பத்து வயதுப் பையன் அகப்பட்டுக்கொள்கிறான். "நீ என்னடா செய்தாய்?" என்று அவனுக்குத் திட்டு விழுகிறது. கம்ப்யூட்டரின் தலையிலும் இரண்டு தட்டு!

பையனும் குற்றவாளி அல்ல. பெரும்பாலும் எந்திரமும் குற்றவாளி அல்ல என்பதே நமது கட்சி.

நின்றுபோன கம்ப்யூட்டர் தூங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல சமயம் உண்மை நேர்மாறாக இருக்கும். அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்! உள்ளே விசிறி இரைவதைக் கேளுங்கள். சூடு ஏறியிருப்பதைத் தொட்டுப் பாருங்கள். தூங்குகிறவனுக்கு மூச்சு இரைக்குமா?

கம்ப்யூட்டரின் மூளைக்கு 'பிராசசர்' என்று பெயர். கட்டளைகளை எடுத்து நிறைவேற்றுவது அதன் தொழில். கட்டளைகளின் தொகுப்புதான் புரோகிராம். "இது முடியும் வரை இதையே திரும்பச் செய்" என்று ஒரு கட்டளை வரும். அது ஒருபோதும் முடியாதபடி எழுதப்பட்டிருந்தால்? செக்கு மாட்டின் கதைதான். நாள் முழுவதும் நடக்கும். ஊர் போய்ச் சேராது.

366-வது நாள்

மைக்ரோசாப்ட் கம்பெனி 'சூன்' என்ற பாட்டுப் பெட்டியை 2006-ம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கையில் அடங்கும் பெட்டி. 2008-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ந் தேதி, அந்தப் பெட்டிகளில் 30 ஜி.பி. வகையைச் சேர்ந்தவை ஒரே நாளில் நின்றுபோயின. புத்தாண்டுக்கு முதல் நாள் பாட்டு இல்லை!

காரணம், உள்ளே இருந்த கடிகாரக் கணக்கு. 1980-ம் ஆண்டு தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியும். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டாகக் கழித்து, இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கும். "மீதி 365-க்கு மேல் இருக்கும் வரை கழித்துக்கொண்டே இரு" என்பது கட்டளை. லீப் ஆண்டாக இருந்தால், "மீதி 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழி" என்று இன்னொரு கட்டளை.

2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366-வது நாள். ஆக, மீதி சரியாக 366.

365-க்கு மேல் இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே போ. 366-க்கு மேல் இருக்கிறதா? இல்லை. கழிக்காதே. மறுபடி முதலிலிருந்து பார். 365-க்கு மேல் இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே போ...

அவ்வளவுதான்! மீதி சரியாக 366 ஆக இருந்தால் என்ன செய்வது என்று எழுதியவர் சொல்லவில்லை. பெட்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"பேட்டரி தீரட்டும். ஜனவரி 1-ந் தேதி, கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு மறுபடி போடுங்கள்" என்ற பொருள்பட கம்பெனி யோசனை சொன்னது. மறுநாள் மீதி 367. கழிக்க முடிந்தது. பெட்டி பாடியது. வாங்கியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூடவா, காத்திருக்கவா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் 5 வினாடி வரை பதில் தராவிட்டால், அதன் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று தோன்றும். பதில் இல்லை என்று பொருள். மூடவா, காத்திருக்கவா என்று நம்மையே கேட்கும். இவ்வளவு கெட்டிக்கார எந்திரம் தானே முடிவு செய்யக் கூடாதா?

முடியாது! எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது எப்போதாவது முடியுமா, முடியாதா என்று தவறாமல் சொல்லிவிடும் முறை எதுவும் இருக்க முடியாது. ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1936-ம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இருந்து கிடைத்த உண்மை இது. இன்றைய கம்ப்யூட்டர் அப்போது பிறக்கவே இல்லை!

ஆகவே, இரண்டு நிமிடம் பொறுங்கள். மவுசை விடாமல் அமுக்காதீர்கள். அமுக்கியவை வரிசையில் காத்திருக்கும். விழித்துக்கொண்டதும் அத்தனையையும் ஒரே மூச்சில் செய்து தொலைக்கும்.

யார் அந்த ஆசாமி?

அப்படியும் அசையவில்லையா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அமுக்குங்கள். 'டாஸ்க் மானேஜர்' வரும். பிராசசரை யார் எத்தனை சதவீதம் தின்கிறார்கள் என்பது 'சி.பி.யூ.' என்ற பத்தியில் இருக்கும். அந்தத் தலைப்பை அமுக்கினால், பெருந்தீனிக்காரன் மேலே வந்துவிடுவான்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 100 சதவீதத்தைத் தேடாதீர்கள். இன்றைய பிராசசருக்குள் பல மூளைகள் இருக்கின்றன. செக்குச் சுற்றும் புரோகிராம் பெரும்பாலும் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். நான்கு மூளை இருந்தால், ஏறத்தாழ 25 சதவீதத்தில் ஏறாமல் இறங்காமல் நிற்கும். அந்த அசையாத எண்தான் அடையாளம்.

வைரஸ் சோதனையும் விண்டோஸ் அப்டேட்டும்கூட நிறையத் தின்னும். வேலை முடிந்ததும் அவை எழுந்து போய்விடும், விரட்ட வேண்டாம். நின்றுபோன புரோகிராமைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அதில் சேமிக்காதது போகும், மற்றவை பிழைக்கும். மின்சாரத்தைப் பிடுங்கினால் எல்லாவற்றிலும் சேமிக்காதது போகும்.

சந்திரனுக்கு மேலே

"எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைக்க முடியுமா?" என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் கேட்கலாம். நினைக்க முடியாதுதான். நினைக்காதது நடந்தால் தப்புவதற்கு வழி வைக்கலாம் அல்லவா?

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் 20-ந் தேதி, ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராடாரில் இருந்து வந்த வேண்டாத சிக்னல்கள் கம்ப்யூட்டரின் நேரத்தைத் திருடின. சுமை தாங்கவில்லை. '1202' என்ற எச்சரிக்கை வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை. அவசரமில்லாத வேலைகளைக் கீழே போட்டது. நொடியில் மறுபடி தொடங்கி, இறங்குவதற்கு வேண்டிய வேலையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. அப்படி முன்யோசனையோடு எழுதியிருந்தார்கள்.

காசு கொடுத்து வாங்கும் புரோகிராமில் இன்று அந்த முன்யோசனையை எதிர்பார்ப்பது பேராசை அல்ல. விண்ணப்பம் நிரப்பும் பெண்ணும், கணக்கு எழுதும் கடைக்காரரும் பாதி வேலையை இழந்து நிற்கும்போது, "எந்திரம் பழசு, புதிது வாங்குங்கள்" என்று கையை விரிப்பது நியாயமா? பழசாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அடுத்த தடவை நின்றால், டாஸ்க் மானேஜரில் மேலே இருந்த பெயர், சதவீதம், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகிய நான்கையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரிப்பேர்க் கடைக்கு அதோடு போங்கள். புரோகிராமை விற்ற கம்பெனிக்கும் எழுதுங்கள். "அடிக்கடி நிற்கிறது" என்று மட்டும் எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். இந்த நான்கும் இருந்தால், எழுதியவர் தம் பிழையைத் தேடிப் பிடிக்கலாம்.