சுண்ணாம்பு போட்டால் கடன் தீருமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து சித்தப்பா போன். வாலாஜா பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்.

"ஏம்ப்பா, சுண்ணாம்பு போட்டா மண்ணுல இருக்குற விஷமெல்லாம் போயிடும்னு கடைக்காரர் சொல்றாரு. பத்து மூட்டை வாங்கட்டுமா?"

தேஹு ரோட்டில் உட்கார்ந்து லோன் ஃபைல் பார்க்கிற பி.காம்.காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் நாலு நாள் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது.

முதல் விஷயம், உலோகம் மக்காது. சுண்ணாம்பு, தொழுவுரம், பாஸ்பேட் எதுவும் அதை மண்ணிலிருந்து எடுத்துவிடாது. வேர் உறிஞ்ச முடியாதபடி கட்டிப்போடும், அவ்வளவுதான். எங்கள் பாஷையில் சொன்னால், வராக்கடனை மறுசீரமைப்பு செய்வது மாதிரி. தவணை மாறும், அசல் அப்படியே நிற்கும்.

இரண்டாவது, எந்த உலோகம் என்று தெரியாமல் மருந்து போடக்கூடாது. அமில மண்ணில் காட்மியம் என்றால் சுண்ணாம்பு நல்ல மருந்து. பாஸ்பேட் ஈயத்தைக் கட்டும். ஆனால் ஆர்சனிக் இருந்தால் அதை அவிழ்த்து விட்டுவிடும். எங்கள் ராணிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுப் போனது. 2006ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் பட்டியலில் ஊர் பெயர் வந்தது. அந்த வகைக் குரோமியம் காரமண்ணில்தான் நன்றாக ஓடும். அங்கே போய்ச் சுண்ணாம்பு கொட்டினால்? சாணமும் மட்கும் அதை அவ்வளவாகக் கரையாத வடிவத்துக்கு மாற்றும், உண்மைதான். ஆனால் கழிவு கசிந்துகொண்டே இருந்தால் ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதை.

மூன்றாவதுதான் என் கோபமே. 2015ல் வந்த மண்வள அட்டையில் 12 விஷயம் பார்க்கிறார்கள். தழை, மணி, சாம்பல், துத்தநாகம், போரான் எல்லாம் உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம் கிடையாது. கடன் எவ்வளவு என்றே பார்க்காமல் வசூல் நடத்துகிற வங்கி உலகத்தில் உண்டா?

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியத்தால்தான் இதாய்-இதாய் நோய் என்று அரசு 1968ல் ஒப்புக்கொண்டது. அந்த வயல்களின் மண்ணையே மாற்றினார்கள். வேலை முடிய 2012 ஆனது. செலவில் சுரங்க நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. இங்கே? கடன் வாங்கியவன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். ஜாமீன்கூடப் போடாத விவசாயி மூட்டை மூட்டையாகக் கட்டுகிறான்.

இது ஊர்க்கதை மட்டுமில்லை. ஆளந்தியில் இந்திராயணி நுரைத்து ஓடும் படம் பேப்பரில் வரும்போதெல்லாம், இங்கே சந்தையில் கீரைக்கட்டை எடுக்கிற கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். "மூட்டைக்கு வச்ச காசுல மொதல்ல மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் சோதிங்க. என்ன இருக்குன்னு தெரிஞ்சப்புறம் மருந்து வாங்கலாம்."

"அந்தச் சோதனைய கவர்மென்ட்டுல்ல பண்ணணும்?" என்றார்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.