கூப்பிடு தொலைவில் உள்ளவை

சென்ற ஆண்டில் எட்டாம் வகுப்பு மாணவரை, ‘யான் கண்டு மகிழ்ந்த ஓரிடம்’ என்னுந் தலைப்பிற் கட்டுரை வரையுமாறு பணித்தேன். வந்த கட்டுரைகளுட் பெரும்பாலன சீகிரியாவையும் நுவரெலியாவையும் பின்னவலை யானைகளையும் பற்றியன. ஒருவன் மாத்திரம் தன் பேரனாரின் தோட்டக் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தான். துலாவில் ஏறி மிதித்த கதையைப் பேரனார் சொல்லக் கேட்டவாறே எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தும் அவனுக்கே கூடிய புள்ளி வழங்கினேன். அது குறித்துப் பெற்றோர் ஒருவர் என்னிடம் விளக்கங் கேட்டதும் உண்டு.

மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. குறை ஆசிரியராகிய எம்முடையதே. ஆண்டுக்கொருமுறை கல்விச் சுற்றுலா நடத்துகின்றோம். இரவிலே பஸ் வண்டி புறப்படும். பிள்ளைகள் பாதி வழி பாட்டும் பாதி வழி உறக்கமுமாய்ச் சென்று மீள்வர். மலையும் அருவியும் இல்லாத நாட்டிற் பிறந்த பிள்ளைக்கு அவற்றைக் காட்டத்தான் வேண்டும். ஆயினும் கண்டியை மும்முறை கண்ட மாணவன் ஒருவன், கந்தரோடை எத்திசையில் உள்ளதென்று என்னையே வினவிய பொழுது யான் வெட்கமுற்றேன்.

என் தலைமுறையினர் காணாமைக்குக் காரணம் இருந்தது. யான் பத்து வயதுச் சிறுவனாயிருந்த 1990ஆம் ஆண்டின் பின், வலிகாமத்தின் வடபாலுள்ள ஊர்கள் எமக்கு அடைபட்டன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோருள் யானும் ஒருவன். நகரிலிருந்து பன்னிரண்டு மைல் அளவேயான கீரிமலைக் கேணியில் யான் முதன்முதற் கால் நனைத்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. ஆடியமாவாசைக்கு அங்கே சென்று தீர்த்தமாடி வந்த கதையை என் தந்தையார் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். உவர்க்கடலின் அருகே நன்னீர் ஊறும் புதுமையை நேரிற் கண்டபோது, அருகில் நின்று காட்ட அவர் இல்லை. இன்று வழி திறந்திருக்கின்றது. 2015ஆம் ஆண்டு முதல் காங்கேசன்துறைக்குப் புகையிரதமும் ஓடுகின்றது. இந்நிலையிலும் பிள்ளைகள் காணாதிருப்பாராயின் யாரை நோவது?

நகரின் புறத்தே காணத்தக்கன எவை என்று கேட்போர், நல்லூரையும் கசூரினாக் கடற்கரையையுஞ் சொல்லி அமைவர். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு அன்பர்களும் அவ்விரண்டிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். நல்லூரிலேனும் கோயில் வாயிலுக்கு அப்பாற் சிறிது நடந்தால் சங்கிலியன் தோப்பு வாயிலையும், ‘ப’ வடிவில் அமைந்த யமுனா ஏரியையும், மந்திரிமனையையும் காணலாம். மந்திரிமனையின் வளைவுகளில் ஐரோப்பியப் பாணி தெளிவாய்த் தெரிகின்றது. 1619இற் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அரசின் மாளிகை இதுவேயென்று பிள்ளைகளுக்குக் கூசாமற் கூறும் வழக்கத்தை நாம் விடல் வேண்டும். பழைய இடத்திற் பிற்காலத்தார் எழுப்பிய கட்டடம் என்றாற் பெருமை குறைந்துவிடுமோ? பெருமையைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருக்கையிலே சுவர் உதிர்ந்து வருகின்றது.

யான் மாணவரை முதலில் அழைத்துச் சென்றது ஆனைக்கோட்டைக்கு. துவிச்சக்கர வண்டியில் அரைமணிப் பொழுதுங் கொள்ளாது. 1980ஆம் ஆண்டையொட்டிப் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபொழுது, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப்புதையலில் மனித எலும்புக்கூட்டோடு சிறியதொரு வெண்கல முத்திரையும் வெளிப்பட்டது. அதன் மேல்வரியிற் குறியீடுகள்; கீழ்வரியிற் பிராமி எழுத்துக்கள். அவ்வெழுத்துக்களைக் ‘கோவேத’ என அறிஞர் படித்தனர். ‘கோ’ என்பதன் பொருளை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் அச்சொல்லைத் தாங்கிய தலைவன் ஒருவன் அடக்கஞ் செய்யப்பட்டான் என்று கூறியபோது, அதுவரை பனங்கொட்டையை உதைத்து விளையாடிக்கொண்டிருந்த பையன் உதைப்பதை நிறுத்தினான். “பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லையே, சேர்?” என்றான் மற்றொருவன். உண்மைதான், மண்ணும் பனையுமே உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்திலே நின்று சிந்திப்பதும் ஒரு கல்வியேயாகும்.

அடுத்த முறை கந்தரோடைக்குச் சென்றோம். சுன்னாகத்திற்கு அணித்தாய், வழுக்கையாறு மாரியில் ஓடும் பகுதியை அடுத்துள்ள ஊர் அது. சுண்ணக்கல்லாலான சிறு தூபிகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. 1917ஆம் ஆண்டளவிற் போல் பீரிஸ் அவர்கள் முதலில் ஆராய்ந்தார். 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பெருங்கற்கால மக்களின் குடியிருப்பு அதுவென்பதை வெளிப்படுத்தினர். எம்மவருட் சிலர் அத்தூபிகளைக் கண்டால் முகஞ் சுளிப்பர். அவை எமக்குரியன அல்ல என்று ஒதுங்குவர். யான் அவ்வாறு எண்ணுவதில்லை. மணிமேகலையை எமது காப்பியம் என்று வகுப்பிற் பாடஞ் சொல்லிவிட்டு, பௌத்தச் சின்னத்தைக் கண்டவுடன் அந்நியம் என்று விலகுவது எங்ஙனம் பொருந்தும்? நாம் விலகி நிற்பின் அவ்விடத்தின் கதையைப் பிறரே சொல்வர். அவர் சொல்வதைச் சரியென்றோ பிழையென்றோ கூறும் அறிவு எம் பிள்ளைகளிடம் இராது.

திரும்பும் வழியில் மானிப்பாயில் தங்கினோம். அமெரிக்காவிலிருந்து வந்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களும் ஆக்குவித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் பணியாற்றிய ஊர் அது. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க இயலாதென்று இன்றுஞ் சொல்வோர் அவ்வைத்தியசாலை வாசலில் ஒருமுறை நின்று வருவது நலம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டிக்கும், அதற்கு அயலிலுள்ள நிலாவரைக்கும் பிறிதொரு நாள் சென்றோம். நிலாவரைக் கிணற்றிலிட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பது ஊர்க்கதை. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் அமைந்திருப்பதே அதன் மெய்யான அதிசயம். ஆறில்லாத எம் நாட்டிற்குச் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புக்களே நீர்க்களஞ்சியம் என்பதையும், மேல்நீரை அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும் என்பதையும் அக்கிணற்றருகிற் கற்பிப்பது எளிது.

இவற்றினும் எனக்கு உவப்பானவை வழியோரத்துச் சுமைதாங்கிகளும் ஆவுரஞ்சிக் கற்களும் மடங்களுமே. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் ஆளுயரத்தில் அமைத்த மேடை சுமைதாங்கி. கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக அதனை எழுப்புவது வழக்கம். மாடு உடல் தேய்த்துத் தினவு தீர்க்க ஒரு கல் நாட்டிய ஊர் இது! வீதிகளை அகலித்தபோது அவற்றுட் பல போயின. வீதி அகலத்தான் வேண்டும். ஆனாற் பத்தடி தள்ளி நாட்டுமாறு கேட்க ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. அஃது இன்னதென அறிந்தவரன்றோ கேட்பர்?

இவ்வாறு பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்குத் தடை சொல்வோர் உளர். சனிக்கிழமை தனியார் வகுப்பு உண்டென்பர் பெற்றோர். வீதியில் வாகனம் மிகுதி என்பர். இது நியாயமான அச்சமே, ஆகையால் யான் உள்வீதிகளாலேயே செல்கின்றேன். பரீட்சையில் இதற்குப் புள்ளி உண்டா என்று வினவுவோருக்கு மாத்திரம் யான் விடை கூறுவதில்லை.

விழாவின் நினைவாக வாயில் வளைவொன்று அமைத்தல் பற்றிப் பழைய மாணவர் பேசிவருவதாகக் கேள்வியுறுகின்றேன். வளைவு அழகாய்த்தான் இருக்கும். ஆயினும் அச்செலவின் ஒரு பகுதியில் இருபது துவிச்சக்கர வண்டிகளும், இவ்விடங்களைப் படத்துடன் விளக்கும் சிறு கைந்நூலொன்றும் தருவார்களாயின், வண்டிகளைப் பேணும் பொறுப்பையும் நூலை எழுதும் பொறுப்பையும் யான் ஏற்பேன். அவ்வவ்வூரிற் பிறந்த பழைய மாணவர் ஒருவர் வாசலில் நின்று எம்மை எதிர்கொண்டு, தாம் அறிந்ததைச் சொல்வாராயின் இன்னும் நன்று. கிணற்றைப் பற்றி எழுதிய அந்த மாணவனின் பேரனார் அடுத்த முறை தம் தோட்டத்திற்கு வருமாறு சொல்லியனுப்பியுள்ளார். துலா இன்று இல்லையாம், அது நின்ற பூவரசைக் காட்டுவாராம்.